வளைவில் ஏறுகிற ஊர்

உக்காருங்க தம்பி, அந்த பெஞ்சுலயே உக்காருங்க. ஆடாது, தைரியமா உக்காரலாம். பழைய ஸ்டேஷனைத்தானே போட்டோ புடிக்கணும்? நல்லாப் புடிங்க, யாரு வேணாம்னா. ஆனா சாவி அவுககிட்ட இருக்கு. அவுகன்னா எங்க வீட்டுக்காரரு, சாத்தையான்னு பேரு. மாட்டைக் கண்மாய்க்குள்ள பத்தி விட்டுட்டு வரப் போயிருக்காக. வந்துருவாக. அதுவரைக்கும் ரெண்டு பணியாரம் சாப்புடுங்க. காரமா, கருப்பட்டியா? ரெண்டுலயும் வைக்கிறேன்.

ரயிலே நிக்காத ஸ்டேஷனுக்கு எதுக்குச் சாவின்னு சிரிக்கிறீகளா? சிரிங்க, சிரிங்க. ஊரே சிரிக்குது, நீங்க மட்டும் என்ன. தெனமும் காலையில போயிக் கதவைத் தொறந்து, கூட்டிப் பெருக்கி, தண்ணி தெளிச்சு, திரும்பப் பூட்டிட்டு வருவாக. மழைன்னாலும் போவாக, காய்ச்சல்னாலும் போவாக. போயி என்ன பண்றீகன்னு கேட்டா, "சும்மா கெடக்கக் கூடாதுல்ல"ம்பாக. வீட்டுல தொழுவம் சும்மாத்தான் கெடக்குது, அதைக் கூட்டச் சொல்லுங்க பாப்போம்!

ஒண்ணு முன்னாடியே சொல்லிப்புடுறேன் தம்பி. நாங்க ரெண்டு பேரும் ஒரு வாரமாப் பேசிக்கிடுறதில்ல. சோறு வைப்பேன், தண்ணி மோந்து குடுப்பேன், அதுல கொறை வைக்க மாட்டேன். பேச்சு மட்டும் கெடையாது. அதனால சாவியை நீங்களேதான் கேட்டு வாங்கணும். என்ன சண்டைன்னு கேக்குறீகளா? சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. திங்கக்கிழமை ரயில்வேயில இருந்து ஒரு இஞ்சினியருப் பொம்பளைப் புள்ள வருது. அவுக ஸ்டேஷன் அவுகளுக்குத் திரும்பக் கெடைக்குமா, போனது போனதுதானாங்கிறது அன்னைக்குத் தெரிஞ்சுரும். கெடைக்க வேண்டியதுதான் தம்பி. கையில வந்து விழுந்ததை வேணாம்னு தள்ளிவிட்டாக இந்த மனுசன். அதுதான் சண்டை.

மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். வெள்ளைக்காரன் லைனு போட வந்தப்ப, ஊரை ஒட்டியே ஸ்டேஷன் வைக்கிறேன்னுதான் சொல்லிருக்கான். எங்க மஞ்சனூரணிப் பெரியாளுக என்ன சொன்னாகளாம் தெரியுமா? "இஞ்சின் ஊதுற ஊதுல மாடு மெரண்டு பாலை அடக்கிக்கிடும், தள்ளி வையி"ன்னாகளாம். அவன் ரோசக்காரன் போல. கொண்டுபோயி அந்தப் பொட்டல்ல வச்சுட்டுப் போயிட்டான். அந்தா ஒரு வேப்பமரமும் ஓட்டுக்கூரையும் தெரியுதா? அதுதான். நடந்தா ஒரு மைலு. வெயிலு காலத்துல ரெண்டு மைலு. இதுல கூத்து என்னன்னா, லைனு என்னமோ ஊரை ஒட்டித்தான் போகுது, இந்த வளைவுல வச்சுத்தான் ஊதுவான். மாடும் பாட்டுக்குப் பாலு குடுத்துச்சு. ஸ்டேஷன் மட்டும் அங்கிட்டுப் போயிருச்சு.

என்னை அவுகளுக்குக் கட்டிக் குடுக்கையில எங்கப்பா, "மாப்பிள்ளை ஸ்டேஷன் மாஸ்டரு"ன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டாரு. ஸ்டேஷன் மாஸ்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஹால்ட் ஏஜெண்டு. சின்ன ஸ்டேஷனுக்கெல்லாம் சம்பளத்துக்கு ஆளு போட மாட்டாக. உள்ளூரு ஆளு ஒருத்தரு டிக்கெட்டு குடுப்பாரு, வித்த டிக்கெட்டுக்குக் கமிஷன். ஆனா அவுக இருக்குற இருப்பைப் பாத்தா பெரிய ஆபீசரு தோத்துப் போவாரு. வெளுத்த வெள்ளைச் சட்டை, எண்ணெய் வச்சுப் படிய வாருன தலை. வண்டி வர்றதுக்கு அரைமணி முன்னாடி சன்னலைத் தொறப்பாக. தேதி குத்துற மிஷினு ஒண்ணு இருக்கும், இரும்புல. காலையில அன்னைக்குத் தேதியை மாத்தி, ஒரு வெத்து அட்டையில குத்திப் பாத்துட்டு, நிமிந்து உக்காருவாக. டிக்கெட்டு வாங்க ஆளு வந்தாலும் சரி, வராட்டியும் சரி. எனக்குக் கல்யாணமான புதுசுல அதை மறைஞ்சு நின்னு பாப்பேன். அம்புட்டு அழகா இருக்கும். பொய் சொல்லலை தம்பி, அந்த மிஷினைப் புடிக்கிற கையைப் பாத்துத்தான் எனக்கு அவுகளைப் புடிச்சுப்போச்சு.

ஆனா சனம் வரணும்ல? வந்துச்சு, கொஞ்சம் கொஞ்சமா. வயசாளிக, புள்ளைத்தாச்சிக, மூட்டை முடிச்சு வச்சிருக்கவுக எல்லாம் நடந்து ஸ்டேஷனுக்கு வருவாக. எளவட்டப் பயலுக மட்டும் இந்த வளைவுலயே தொத்தி ஏறிருவானுக. இங்க ஒரு மதகுப் பாலம் இருக்குல்ல, அதுல வண்டி பைய ஊர்ந்துதான் போகணும். ஊர்ந்து போற வண்டியில ஏறுறது ஒரு வித்தையா?

கமிஷனை நம்பிக் குடும்பம் நடத்த முடியலைன்னு நான்தான் பணியாரச் சட்டியைத் தூக்குனேன். மொதல்ல எங்க போட்டேன்கிறீக? ஸ்டேஷன்லதான். புருசன் பக்கத்துலயே பொழப்பு நடக்கட்டுமேன்னு வேப்பமரத்தடியில அடுப்பு மூட்டுனேன். வாரவுக நாலு பேரு. அதுல ரெண்டு பேரு வெரதம்பாக. ஆறிப்போன பணியாரத்தை வீட்டுக்குச் சொமந்துக்கிட்டு வந்து நாங்களே ராத்திரிக்கும் திங்கிறது. எம்புட்டு நாளைக்குத் திங்கிறது? ஆளு இருக்குற எடத்துலதானே யாவாரம் பண்ணணும்? சட்டியைத் தூக்கிட்டு இங்க வளைவுக்கு வந்துட்டேன். இந்தா, நீங்க உக்காந்திருக்க எடம்தான்.

வந்த நேரம் பாருங்க, பிச்சுக்கிட்டுப் போச்சு! இன்னாசின்னு ஒரு இஞ்சின் டைவரு. தங்கமான மனுசன். பாலத்துல மெதுவா வாரவரு, என் அடுப்பைத் தாண்டையில இன்னங் கொஞ்சம் மெதுவாப் போவாரு. தேக்கிலையில பொட்டலம் கட்டிக் கையில குடுத்துருவேன். பெறகு பெறகு வண்டியை நிறுத்தியே வாங்குனாரு. பணியாரத்துக்காக ரயிலை நிறுத்துறாருன்னு ஊரு பேசுச்சு. அப்படியெல்லாம் இல்ல தம்பி. பாலம் பழசு, நிறுத்திப் பாத்துப் போறதுதானே நல்லது?

நின்ன வண்டியில எல்லாரும் ஏறலாம்ல? வயசாளிகளும் இங்கயே வர ஆரம்பிச்சுட்டாக. ஆனா லைனு போட்டிருக்குற மேடு ஏற முடியாம அல்லாடுவாக. எனக்கு மனசு கேக்கலை. ஆளை விட்டுக் கரையில படி வெட்டுனேன், மேல் படிக்கு ஒரு ஆட்டாங்கல்லைக் கவுத்துப் போட்டேன். காலை வச்சு அலுங்காம ஏறலாம். பெறகு வெயில்ல நிக்கிறாகளேன்னு கீத்துப் பந்தல் போட்டேன். குடிக்க மண்பானையில தண்ணி. உக்கார இந்த பெஞ்சு. வண்டி எப்ப வரும் எப்ப வரும்னு உசுரை எடுக்குறாகளேன்னு ஒரு கடிகாரம் வாங்கிக் கம்புல மாட்டுனேன். சும்மா சொல்லக் கூடாது, இந்த ஊருக்கு நான் பண்ணிருக்குற சேவையை எந்தத் தலைவரும் பண்ணலை. சட்னி வைக்கவா?

டிக்கெட்டா? வளைவுல ஏறுனா எங்கிட்டு டிக்கெட்டு வாங்குறது? நியாயமாச் சொல்லுங்க. சன்னலு அங்கிட்டு இருக்கு, சனம் இங்கிட்டு இருக்கு. பரிசோதகரு வாராருன்னா இன்னாசி ரெண்டு தடவை விட்டு விட்டு ஊதுவாரு. அன்னைக்கு மட்டும் சனம் பஸ்ஸுல போயிரும். நான் அவுககிட்டச் சொன்னேன், "டிக்கெட்டுக் கட்டை எங்கிட்டக் குடுங்க, பணியாரத்தோட சேத்து நானே குடுத்துப்புடுறேன்"னு. என்ன ஒரு நல்ல யோசனை! "சன்னல்லதான் குடுக்கணும், அதுதான் சட்டம்"னுட்டாக. சட்டத்தைக் கட்டிக்கிட்டு அழுங்கன்னு விட்டுட்டேன்.

அங்கிட்டு அவுக ஒத்தையில உக்காந்திருப்பாக. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, "பூச்செண்டு, சனத்தைக் கொஞ்சம் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லேன்"பாக. நான் என்ன, அவுகளைக் கையைப் புடிச்சா இழுத்து வச்சிருக்கேன்? "நீங்க போயிச் சொல்லுங்க"ன்னுருவேன். அவுக யாருகிட்டயும் போயிக் கேக்குற ரகம் இல்ல. சட்டையைக் கழட்டி மடிச்சு வைப்பாக.

இப்படிப் போயிக்கிட்டு இருக்கையில சேதி வந்துச்சு. மேல இருந்து ஒரு பெரிய ஆபீசரு வாராரு. காலை வண்டிக்கு ஸ்டேஷன்ல எம்புட்டுச் சனம் ஏறுதுன்னு கண்ணால பாக்கப் போறாரு. சனம் இருந்தா ஸ்டேஷன் இருக்கும், இல்லைன்னா மூடிருவாக. அவுக அன்னைக்கே வாளியைத் தூக்கிட்டாக. மறுநாளைக்குன்னு பிளாட்பாரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிச்சாக. வீட்டுக்கு வந்து எம் பக்கத்துல உக்காந்து, "பூச்செண்டு, நாளைக்கு ஒரு நாளு சனத்தை அங்கிட்டுக் கூட்டியாந்துரு. அது போதும்"னாக. சனத்தை வரச் சொல்லுங்கிறதைத் தவிர எங்கிட்ட அவுக ஒண்ணுமே கேட்டதில்ல தம்பி. இது வேணும் அது வேணும்னு வாயைத் தொறக்காத மனுசன். "நீங்க நிம்மதியாப் படுங்க, ஊரையே கொண்டாந்து எறக்குறேன்"னு சொன்னேன்.

சொன்னபடி செஞ்சேனா இல்லையான்னு கேளுங்க. எங்க ஊருக்குப் பெரியவரு, அம்பலகாரரு நல்லாண்டி அம்பலம் இருக்காரே, அவரை உசுப்பிவிட்டுத் தமுக்கு அடிக்க வச்சேன். "நாளைக்கு வீட்டுக்கு ஒரு ஆளு கட்டாயம் ஸ்டேஷனுக்கு வந்து வண்டி ஏறணும்"னு. விடிஞ்சா, வீட்டுக்கு ஒரு ஆளா? வீட்டோட கெளம்பி வந்துட்டாக! பட்டுச் சேலை என்ன, புது வேட்டி என்ன, கொட்டு மேளம் வேற. திருவிழா தோத்துப்போச்சு.

நான் சும்மா இருப்பேனா? எம் புருசன் ஸ்டேஷனுக்கு ஊரே போகுது. ஒரு மைலு நடக்கணும், புள்ளை குட்டியெல்லாம் வெறும் வயித்தோட போகுமா? முந்தின நாளே மாவாட்டி வச்சு, வெள்ளைப் பணியாரம் சுட்டேன். காசு இல்லாம. வழியில இந்த வளைவைத் தாண்டித்தானே போகணும்? எல்லாரையும் இங்க உக்கார வச்சு, எலையில ரெண்டு ரெண்டு வச்சுக் குடுத்தேன். தின்னவுக இன்னொண்ணு கேட்டாக. இல்லைன்னு சொல்ல முடியுமா, நல்ல நாளும் அதுவுமா? அம்பலம், "வெரசாத் தின்னுட்டுக் கெளம்புங்கடா"ன்னு கத்திக்கிட்டே அவரு நாலு வாங்கித் தின்னாரு.

அந்நேரம் பாத்து வண்டி வந்துருச்சு. ஆத்தாடி! இன்னாசி வழக்கம் போல நிறுத்திக் கையை நீட்டுறாரு. நான் வழக்கம் போலப் பொட்டலத்தைக் குடுக்குறேன். அடுத்து என்ன நடந்துச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. யாரும் ஏறுங்கன்னு சொல்லலை. படியைப் பாத்தாக, கல்லைப் பாத்தாக, காலு தன்னால ஏறிருச்சு! தெனமும் ஏறுற காலு, அது என்ன செய்யும்? மேளக்காரவுகளும் அடிச்சுக்கிட்டே ஏறிட்டாக. நானும் சட்டியோட ஏறி, சன்னலோரமா ஒரு எடம் புடிச்சு உக்காந்துட்டேன்.

வண்டி கெளம்புன பெறகு அம்பலம் தலையில அடிச்சுக்கிடுறாரு. "அடேய், நாம ஸ்டேஷன்ல ஏற வந்தவங்கடா!" எல்லாருக்கும் அப்பத்தான் ஒறைக்குது. "இப்ப என்ன கெட்டுப்போச்சு, அங்க போயி எறங்கி மறுபடி ஏறிக்கிடுவோம்"னு ஒருத்தரு சொன்னாரு. நல்ல யோசனைதான். எல்லாரும் சரின்னாக.

ஸ்டேஷனும் வந்துச்சு. பிளாட்பாரத்துல அவுக நிக்கிறாக, வெள்ளைச் சட்டையில. பக்கத்துல தொப்பி போட்ட ஆபீசரு. வேற ஒரு ஈ காக்கா கெடையாது. ரயிலுக்குள்ள பாத்தா இடிச்சு அடைச்சு ஊரு முழுக்க இருக்கு. சன்னலுக்கு நாலு கையி, மேளம் கொட்டுது, "சாத்தையா, சாத்தையா"ன்னு கத்துறாக, கையாட்டுறாக. அம்பலம், "எறங்குங்கடா எறங்குங்கடா"ன்னு தொண்டை கிழியக் கத்துறாரு. ஒருத்தரு எறங்கணுமே! எறங்குனா எடம் போயிருமே தம்பி, அன்னைக்கு அம்புட்டுக் கூட்டம்ல? ஒவ்வொருத்தரும் பக்கத்து ஆளை, "நீ எறங்கு, நீ எறங்கு"ங்கிறாக. நான் எறங்கலாம்னுதான் பாத்தேன். மடியில சட்டி சுடச்சுட இருந்துச்சு.

அந்த ஆபீசரு பிளாட்பாரத்துல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாக்குறாரு. கண்ணு என்ன பொடனியிலயா இருந்துச்சு அவருக்கு? கொஞ்சம் திரும்பி ரயிலுக்குள்ள பாக்கக் கூடாது? எம்புட்டுச் சனம்! "உள்ள இருக்கவுக கணக்குல வர மாட்டாக, இங்க யாரு ஏறுறாங்கிறதுதான் கணக்கு"ன்னாராம்.

அவுக என்ன செஞ்சாக தெரியுமா? விறுவிறுன்னு ரூமுக்குள்ள போனாக. டக்குனு அந்த மிஷினு சத்தம் கேட்டுச்சு. தனக்குத்தானே ஒரு டிக்கெட்டுக் குத்திக்கிட்டு, வெளிய வந்து கதவைப் பூட்டி, டிக்கெட்டை ஆபீசரு மொகத்துக்கு நேரா காட்டிட்டு, வண்டியில ஏறிட்டாக!  "ஸ்டேஷனை விட்டுப்புட்டு எங்க வாரீக?"ன்னு கேட்டேன். "ஒரு ஆளாவது ஏறணும்ல"ன்னாக. டவுனு வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தாக. எனக்கு மடியில சட்டி, பக்கத்துல கூடை, எங்கிட்டு எடம் விடுறது?

அம்புட்டுத்தான். மூடிட்டாக. யாரு மேல தப்பு? மொத தப்பு ஆபீசரு மேல. ரெண்டாவது அம்பலம், முன்னால நின்னு வழிகாட்ட வேண்டிய மனுசன், பணியாரத்தைக் கண்டதும் உக்காந்துட்டாரு. மூணாவது அந்த இன்னாசி, அன்னைக்கு ஒரு நாளாவது நிறுத்தாமப் போயிருக்கலாம்ல? பஸ் மொதலாளி ஒருத்தன் உள்ள பூந்து வேலை பாத்திருப்பான்னும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இன்னைக்கு வரைக்கும் ஒவ்வொருத்தரையும் நான் பேரைச் சொல்லி ஏசுவேன். அவுக மட்டும் யாரையும் ஒரு சொல்லு சொன்னதில்ல.

அதுக்குப் பெறகு சின்ன லைனையே பேத்துட்டாக. வண்டியே இல்லாம பல வருசம் கெடந்துச்சு. பெரிய லைனு போட்டாக, இப்பப் போகுது பாருங்க, ஊருன்னு ஒண்ணு இருக்குறதே தெரியாத மாதிரி விர்ருன்னு. என் கடை ரோட்டு யாவாரத்துல ஓடுது. அவுக வெவசாயம், மாடு, பெறகு அந்தச் சாவி. ஒண்ணு சொல்லணும். அன்னையில இருந்து போன வாரம் வரைக்கும் அவுக இந்த வளைவுப் பக்கம் காலு வச்சதில்ல. ஸ்டேஷனுக்குப் போனாலும், மாட்டை ஓட்டிக்கிட்டுப் போனாலும் கண்மாயைச் சுத்தித்தான் போவாக. மூட்டுவலி, மேடு ஏற முடியலை போலன்னு நானும் தைலம் வாங்கிக் குடுத்தேன்.

இப்பப் போன வாரம் வந்துச்சு அந்த இஞ்சினியருப் புள்ள. தொப்பியும் பேண்டுமா, கையில என்னமோ கருவி. "பாட்டி, இந்த ஊருக்கு மறுபடி ரயில் நிக்கப் போகுது. ஸ்டேஷனை எங்க வைக்கலாம்? பழைய எடத்துலயா, இங்கயா? இப்ப வளைவை நிமித்திட்டோம், இங்கயும் பிளாட்பாரம் போடலாம்"னு கேட்டுச்சு. பாட்டின்னு சொன்னதைக்கூட மன்னிச்சுட்டேன் தம்பி, எனக்கு அம்புட்டுச் சந்தோசம். "அங்கதான் ஆத்தா, அங்கதான் வைக்கணும், வேற பேச்சே இல்ல. ஏஜெண்டும் தயாரா இருக்காக, சாவியும் அவுககிட்டத்தான் இருக்கு"ன்னு படபடன்னு சொன்னேன். வீட்டுக்கு ஓடி, பொட்டியில இருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து நீலம் போட்டு அலசிக் காயப் போட்டேன். இந்த வயசுல அவுக மறுபடி அந்தச் சன்னல்ல உக்காந்து நான் பாத்துட்டா எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.

அந்தப் புள்ள அவுகளைப் பாக்க ஸ்டேஷனுக்குப் போச்சு. செத்த நேரத்துல பாத்தா, ரெண்டு பேரும் லைனு ஓரமா இங்கிட்டு நடந்து வாராக. அவுக, இந்த வளைவுக்கு! நான் அடுப்பை விட்டு எந்திரிச்சு நின்னுட்டேன். அம்பலம் இருக்காரு, கடையில இன்னும் நாலு பேரு இருக்காக. வந்தவுக, இந்தப் பந்தக்காலைப் புடிச்சுக்கிட்டு நின்னு, சுத்திச் சுத்திப் பாத்தாக. பெறகு அந்தப் புள்ளகிட்ட, "அங்க வேணாம்மா. இங்கனயே வைங்க. டிக்கெட்டை இவ குடுக்கட்டும்"னு சொன்னாக. என்னைக் கைகாட்டி!

அம்பலம் சிரிக்கிறாரு. அந்தப் புள்ள, "யோசிச்சுச் சொல்லுங்க பாட்டி, திங்கக்கிழமை வாரேன்"னுட்டுப் போயிருச்சு.  இது என்ன தம்பி, குத்தலு? கேலியா? புருசன் வேலையைப் புடுங்கிக்கிட்டவன்னு ஊரு என்னை ஏசாது? அவுக ஆசையா ஆசையாக் கூட்டிப் பெருக்கி வச்சிருக்கிற எடத்தை, சனியன் விட்டுச்சுன்னு தூக்கிப் போட எப்படி மனசு வந்துச்சு? அன்னைக்குத்தான் பேச்சை நிறுத்துனேன். நான் முடியாதுன்னுதான் சொல்லப் போறேன். நான் முடியாதுன்னா அவுகதானே உக்காந்தாகணும்? அங்கதானே வச்சாகணும்?

இந்தா, வந்துட்டாக. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வாராகல்ல, அவுகதான். கேளுங்க தம்பி, சாவியைக் கேளுங்க. குடுத்துட்டாகளா? அப்படியே எதுக்கு அப்படிச் சொன்னாகன்னும் கேளுங்க. நான் கேக்கச் சொன்னேன்னு சொல்லாதீக.

என்ன? முணுமுணுக்காம உரக்கச் சொல்லச் சொல்லுங்க. அங்க வச்சா ஆளு வராதாமா? வராட்டி என்ன, நான் கூட்டியாருவேன்னு சொல்லுங்க. என்ன சிரிப்பு? எதுக்குச் சிரிக்கிறாகன்னு கேளுங்க.

"அந்தப் புள்ளையோட வந்தப்பத்தான் இந்த எடத்தை நின்னு சரியாப் பாத்தேன்"ங்கிறாகளா? பாத்தா என்னவாம்? "ஏறப் படி இருக்கு, நிக்க நெழல் இருக்கு, உக்கார பெஞ்சு, குடிக்கத் தண்ணி, மணி பாக்கக் கடிகாரம். நான் அங்கிட்டு ஒரு ஸ்டேஷனைக் காத்துக்கிட்டு இருந்தேன். இவ இங்கிட்டு ஒரு ஸ்டேஷனைக் கட்டி நடத்திக்கிட்டு இருந்திருக்கா." அப்படியா சொல்றாக?

நானா? நான் எங்க ஸ்டேஷன் கட்டுனேன்? ஏற முடியாதவுகளுக்கு ஒரு படி வெட்டுனேன். வெயிலுக்கு ஒரு பந்தல் போட்டேன். ஒரு பானை தண்ணி. இது ஒரு ஸ்டேஷனா? சனம் இங்க வந்துச்சு, வந்த சனத்துக்கு…

கொஞ்சம் இருங்க தம்பி.

அப்ப அவுக, "சனத்தை வரச் சொல்லு, வரச் சொல்லு"ன்னு தெனமும் எங்கிட்டக் கேட்டது…

ஏங்க. ஏங்க, உங்களைத்தான். எங்க போறீக? இங்க வாங்க. இம்புட்டு வருசத்துல ஒரு நாளாவது வாயைத் தொறந்து, "எல்லாம் ஒன்னாலதாண்டி"ன்னு ஏசிருக்கக் கூடாதா? நான் ஊருல இருக்கவனையெல்லாம் ஏசுறதைக் கேட்டுக்கிட்டு, சோத்தைத் தின்னுட்டுப் போயிப் படுத்தீகளே! எப்படித்தான் பொறுத்தீகளோ, பாவி மனுசா.

தம்பி, என்ன சொல்றாக பாத்தீகளா? "ஏசிருந்தா நீ அடுப்பை அணைச்சிருப்ப"ங்கிறாக. அணைச்சிருப்பேன்தான். அன்னைக்கே சட்டியைத் தூக்கி எறிஞ்சிருப்பேன்… இந்தப் பொகை வேற. பொகை இல்ல தம்பி, அழுகதான் வருது. வரட்டும்.

என்னது? நான் டிக்கெட்டு குடுக்கப் போனா பணியாரத்தை நீங்க சுடுவீகளா? சுட்டுக் கிழிச்சீக! மாவுல கையை வச்சா எனக்குக் கெட்ட கோவம் வரும், சொல்லிட்டேன்.

நீங்க போங்க தம்பி, வெளிச்சம் இருக்கையில நல்லா நாலு போட்டோ புடிச்சுக்கிட்டு வாங்க. கதவைக் கொஞ்சம் தூக்கித் தள்ளணும், இல்லைன்னா தொறக்காது. திங்கக்கிழமை அந்தப் புள்ளகிட்ட நான் சரின்னுதான் சொல்லப் போறேன். வேற என்ன சொல்ல? ஒண்ணே ஒண்ணு மட்டும் கேப்பேன். டிக்கெட்டு ரூமுக்குள்ள ரெண்டு நாக்காலி போட்டுக் குடுங்கன்னு. அதெல்லாம் முடியாது, ஒரு நாக்காலிதான்னு அந்தப் புள்ள சட்டம் பேசுச்சுன்னா, சரின்னுருவேன். அதுல அவுக உக்காரட்டும். நான் நின்னுக்கிட்டே குடுத்துக்கிடுறேன்.